சொட்டுச் சிந்தாமல் கிரீஸ் அடிக்கிற என் மச்சினன்

என் மச்சினனைப் பற்றி எழுத உட்காரும்போதே வயிறு எரிகிறது. அவனைப் பற்றி ஊரில் எல்லோரும் நல்லதாகவே பேசுகிறார்கள். பாதியாவது பொய்யாக இருக்கும் என்று இரண்டு வருஷமாகத் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

என் பெண்டாட்டியின் தம்பி அவன். முப்பத்தெட்டு வயது. டிராக்டர் ரிப்பேர் ஷெட்டில் எனக்கு அடுத்த மேடையில் வேலை செய்கிறான். நான் அந்த ஷெட்டில் இருபத்து மூன்று வருஷம். என்னை அங்கே எல்லோரும் களிம்பு என்றுதான் கூப்பிடுவார்கள். முழங்கை, மூக்கு நுனி, காது மடல் என்று எங்கே தொட்டாலும் கிரீஸ் ஒட்டும் என்பதால் வந்த பெயர். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. வேலை செய்கிறவன் மேல் வேலை ஒட்டத்தானே செய்யும்? ஆனால் அவன் வந்த ஒரே வாரத்தில் அவனுக்குச் சலவை என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் போட்டுக்கொண்டு வருகிற வெளிர் நீலச் சட்டையோடு சாயங்காலம் நேராகக் கல்யாண வீட்டுக்குப் போகலாம். அவ்வளவு சுத்தம். பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் கல்யாணப் போட்டோவில் அவன் இருக்கிறான். பதினான்கு வயதுப் பையன். மாலை போட்டுக்கொண்டு நிற்கிற எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அம்மா இல்லாமல் அக்கா கையில் வளர்ந்தவன். அவளுக்கு அவன் மேல் அப்படி ஒரு பாசம். அன்றைக்கு நடுவில் நுழைந்தவன் இன்றைக்கு வரைக்கும் நகரவில்லை.

பத்தாவது முடித்ததும் பால் பதப்படுத்துகிற ஆலையில் சேர்ந்தான். பெரிய பெரிய தொட்டிகளில் பால் சுழலும். அதற்கு மேலே சங்கிலி, பேரிங், பாலைக் கலக்குகிற இரும்புக் கைகள் எல்லாம் ஓடும். அவற்றுக்குக் கிரீஸ் அடிப்பது அவன் வேலை. சேர்ந்த முதல் மாதமே கடுகளவு கிரீஸ் ஒன்று தொட்டிக்குள் விழுந்துவிட்டது. அவனை அங்கேயே நிறுத்திவைத்து, அவன் கண் முன்னால் அந்தத் தொட்டிப் பால் முழுவதையும் சாக்கடையில் திறந்துவிட்டார்களாம். அரை மணி நேரம் ஓடியதாம். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷத்தில் ஒரு பொட்டு விழவில்லை என்று என் பெண்டாட்டி சொல்வாள். ஏதோ போருக்குப் போய் வந்த தம்பியைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

ஆலையை வேறு ஊருக்கு மாற்றினார்கள். இவன் போகவில்லை. அவன் பெண்டாட்டி தையல்காரி, வாடிக்கையெல்லாம் இங்கே, இரண்டு பெண் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். சும்மா வீட்டில் இருந்தான். "ஷெட்ல ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று என் பெண்டாட்டி பதினைந்து நாள் நச்சரித்தாள். சொன்னேன். இந்த வாய்தான் சொன்னது.

முதல் நாள் வாளியைக் காட்டினேன்.

"மாப்ளே, கிரீஸ் அதுல இருக்கு. கைய விட்டு அள்ளி கிரீஸ் கன்ல அடைச்சுக்க."

"கைய எதுக்கு மாமா விடணும்?" என்றான்.

"பின்ன, காலையா விடுவ?"

சிரித்தான். மூலையில் கிடந்த தகரத்தை எடுத்து, வாளிக்குள் சரியாக உட்காருகிற மாதிரி வட்டமாக வெட்டினான். நடுவில் கன்னின் வாய் அளவுக்கு ஓர் ஓட்டை. அந்தத் தட்டைக் கிரீஸ் மேல் வைத்து அழுத்தி, கன்னின் தலையைக் கழற்றி, வாயை அந்த ஓட்டையில் வைத்து, பின்னால் இருக்கிற கம்பியை இழுத்தான். குழந்தை பால் குடிப்பது போல் கன் கிரீஸை உறிஞ்சிக்கொண்டது. காற்றுக் குமிழி இல்லை. கையில் ஒரு பொட்டு இல்லை. இருபத்தோரு வருஷமாக நான் அந்த வாளிக்குள் முழங்கை வரை விட்டுக்கொண்டிருந்தேன். ஷெட்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன்.

அதோடு விட்டானா? கன்னை நாங்கள் மேடை மேல் படுக்கப் போடுவோம். அது வடிந்து மேடையெல்லாம் வழுக்கும். இவன் ஒரு முழம் பிளாஸ்டிக் குழாயை அறுத்து, அடியை மூடி, தூணில் கட்டி, கன்னைத் தலைகீழாக அதில் நிறுத்தினான். வடிகிறது குழாய்க்குள்ளேயே. கன்னின் உடம்புக்குப் பழைய காலுறை ஒன்றைப் பாதம் வெட்டி மாட்டினான். பிடித்தால் வழுக்காது. முனையில் இருந்த இரும்புக் குழாயைக் கழற்றிவிட்டு, வளைகிற ஹோஸும் கடித்துப் பிடிக்கிற பூட்டும் போட்டான். எங்களுக்கெல்லாம் கன்னை, மூட்டுக்குள் கிரீஸ் ஏறுகிற நிப்பிளில் வைத்து ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அடிக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் கிரீஸ் பக்கவாட்டில் பீய்ச்சும். இவனுக்கு அது கடித்துக்கொண்டு நிற்கும். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்க மாட்டான். லேசாகச் சாய்த்து, உள்ளே நிற்கிற அழுத்தம் அடங்கினதும்தான் எடுப்பான். இடது கை துணிக்கு, வலது கை கன்னுக்கு. துணி தொட்ட கை எதையும் தொடாது. நிப்பிளை முதலில் துடைப்பான், அடித்த பிறகு துடைப்பான், அப்புறம் சின்ன ரப்பர் தொப்பி ஒன்றை மாட்டுவான், மண் ஏறாமல் இருக்க. முன் அச்சை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு அடிப்பான். பாரம் இல்லாவிட்டால் கிரீஸ் நாலா பக்கமும் போய்ச் சேருமாம். ஒவ்வொரு நிப்பிள் பக்கத்திலும் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண். மூன்று என்றால் மூன்று அழுத்து. நான்காவது கிடையாது.

எனக்கு அந்த எண்களைப் பார்த்தாலே ஆத்திரம். எங்கள் ஷெட்டில் கிரீஸ் அடித்தால் வெளியே தெரிய வேண்டும். அதுதான் வழக்கம். வண்டிக்காரன் வந்து குனிந்து பார்ப்பான். ஒவ்வொரு மூட்டிலும் கோலிக்குண்டு அளவுக்குப் புதுக் கிரீஸ் பிதுங்கி நிற்க வேண்டும். நின்றால்தான் அடித்ததாகக் கணக்கு. நிற்காவிட்டால் ஏமாற்றிவிட்டான் என்பான். அதனால் நான் வழிகிற வரைக்கும் அடிப்பேன். வழிந்த பிறகும் இரண்டு அடிப்பேன், கண்ணுக்கு நிறைவாக.

இவன் முடித்த வண்டியைப் பார்த்தால் கிரீஸே தெரியாது. முதலில் வண்டிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது.

"அடிச்சியா, இல்ல தடவிக் குடுத்துட்டு விட்டுட்டியா? ஒண்ணையும் காணோம்!" என்று ஒருவர் கத்தினார்.

"கன்னை நீங்களே புடிங்கண்ணே" என்றான் இவன். "அழுத்துங்க. நான் எண்ணுறேன். கை இறுகுதா? உள்ள போகுதுன்னு அர்த்தம். அவ்வளவுதான், போதும்."

அந்த ஆள் தன் வண்டிக்குத் தானே கிரீஸ் அடித்துவிட்டு, இவனைப் புகழ்ந்துகொண்டு போனார். வேலையை வண்டிக்காரன் செய்வான், பெயர் சலவைக்கு. இந்த வித்தை எனக்கு ஏன் தோன்றவில்லை?

வீட்டில் அதைவிட மோசம். என் சட்டையை ஊறவைத்த வாளியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள் என் பெண்டாட்டி.

"பாருங்க, தண்ணிய. இதை ஊத்தினா டிராக்டரே ஓடும்."

"ஓடட்டும்."

"தம்பி சட்டைய அவன் பொண்டாட்டி சும்மா அலசித்தான் போடுறாளாம். சோப்புகூட வேண்டாமாம். குடுத்து வெச்சவ."

"அப்ப அங்கயே போய் அலசிட்டு வா."

"உங்களுக்கு ஏன் இப்படி காந்துது? அவன் உங்கள மாமா மாமான்னுதானே சுத்தி வர்றான்?"

அதுதான் காந்தியது. அவன் என்னிடம் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. திட்டினால் தலையை ஆட்டுவான். திருப்பித் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி.

குறை இல்லாத ஆளும் இல்லை. என்ஜின் சத்தத்தை வைத்து அவனால் ஒன்றும் சொல்ல முடியாது. வால்வு தட்டுகிறதா, பேரிங் போனதா என்று என்னிடம்தான் வந்து நிற்பான். நாயைக் கண்டால் டிராக்டர் மேல் ஏறிக்கொள்வான். டீ குடிக்க மாட்டான், வெந்நீர். மதியம் ஒரு கவளத்தை நாற்பது தடவை மென்று தின்பான். எதிரில் உட்கார்ந்திருந்தால் நமக்குப் பசி போய்விடும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒன்றே ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. அது டீச்சரின் வண்டி.

டீச்சர் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கால்வாய்க் கரைக்குக் கீழே சொந்த நிலம். ஆள் வைக்காமல் தானே ஓட்டுவார். பழைய சிவப்பு டிராக்டர். அது ஷெட்டுக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து பத்தொன்பது வருஷமாக நான்தான் பார்த்தேன். என்ஜினை இரண்டு தடவை பிரித்துச் சேர்த்திருக்கிறேன். வேறு யாரும் அதைத் தொட்டது கிடையாது. டீச்சர் வந்து சாவியை ஷெட்காரரிடம் கொடுக்க மாட்டார். நேராக என் மேடைக்கு வந்து என் கையில் வைப்பார். நாலாவது வகுப்போடு நின்ற என் கையில், ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய டீச்சர். அந்த ஒரு நொடிக்காகவே நான் அந்த ஷெட்டில் இருந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

போன விதைப்புக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வண்டி வந்தது. நான் வெளியே ஒரு வயலில் நின்றுபோன வண்டியைப் பார்க்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது சிவப்பு டிராக்டர், பின்னால் ஐந்து கொத்துக் கலப்பையோடு, சலவையின் மேடையில் நின்றது. சாவி அவன் சட்டைப் பையில்.

"டீச்சர்தான் மாமா குடுத்தாங்க. இந்த தடவை கிரீஸ் வேலைய நான் பாக்கட்டும்னு சொன்னாங்க. ஏறி இறங்கும்போது துணியெல்லாம் கறையாகுதாம்."

"பத்தொன்பது வருஷமா ஆகாத கறையா?"

"ஆகிட்டுத்தான் இருந்துச்சாம். சொல்லலையாம்."

அந்தப் பதில் எனக்குள் எங்கே போய்க் குத்தியது என்று சொல்லத் தெரியவில்லை. சரி என்றேன். வீட்டுக்கு வந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். இவ்வளவு சுத்தமாக ஒருவன் கிரீஸ் அடிக்க முடியாது. எங்கேயோ விடுகிறான். கையெட்டாத இடங்களைக் கண்டுகொள்ளாமல் விடுகிறான். அதைப் பிடித்துவிட்டால் சாவி தானாக என் கைக்கு வரும்.

மறுநாள் விடிந்ததும், துணிக்குப் போடுகிற நீலப் பொடியை என் பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு கிளம்பினேன். ஷெட்டில் அப்போது யாரும் இல்லை. ஒரு விரல் கிரீஸில் நீலத்தைக் குழைத்து, டீச்சர் வண்டியில் இருக்கிற பதினேழு நிப்பிளிலும் மிளகளவு பொட்டு வைத்தேன். அடிப்பதற்கு முன்னால் துடைக்கிறவன்தானே இவன்? அடித்திருந்தால் நீலம் இருக்காது. அடிக்காவிட்டால் நீலம் அப்படியே இருக்கும். வெறும் கிரீஸ் அழுக்குக்கு நடுவில் அது ஒருவர் கண்ணுக்கும் உறுத்தாது. என் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

இவன் எட்டு மணிக்கு ஆரம்பித்தான். நான் வேறு வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையை விரித்தான். தொப்பிகளை வரிசையாக வைத்தான். துடைத்தான், அடித்தான், துடைத்தான். பதினொரு மணிக்கு முடித்துவிட்டு, "மாமா, போல்ட் வாங்கணும், உதிரி பாகக் கடை வரைக்கும் போய் வர்றேன். டீச்சர் வந்தா இருக்கச் சொல்லுங்க" என்றான்.

அவன் சைக்கிள் திருப்பத்தில் மறைந்ததும் வண்டிக்கு அடியில் நுழைந்தேன். ஒவ்வொரு தொப்பியாகக் கழற்றிப் பார்த்தேன். ஸ்டியரிங், சுத்தம். முன் அச்சின் நடு முளை, மல்லாந்து படுத்தால்தான் எட்டும், அதுவும் சுத்தம். கிளட்ச் தண்டு, சுத்தம். என் மனசு அப்படியே உட்கார்ந்துபோனது. கடைசியாகக் கால் பலகைக்குக் கீழே, இரண்டு பக்கமும் பிரேக் தண்டுக்குப் போகிற நிப்பிள். அதில் தொப்பி இல்லை. இடது பக்கம் நீலம். வலது பக்கமும் நீலம்.

எழுந்த வேகத்தில் தலை இடித்தது. வலிக்கவே இல்லை.

அவனும் டீச்சரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ஷெட்காரரும் இருந்தார், இன்னும் இரண்டு வண்டிக்காரர்களும் இருந்தார்கள். நான் எல்லோரையும் குனியச் சொல்லிக் காட்டினேன். நீலம் வைத்த கதையையும் சொன்னேன்.

"பதினேழுல ரெண்ட விட்டிருக்கான் டீச்சர். அதுவும் எதுல? பிரேக்குல! சட்டை கசங்காம வேலை செய்யணும்னா இப்படித்தான்."

ஒரு வண்டிக்காரர், "களிம்பு, நீ வேலைக்காரனா போலீஸாய்யா?" என்றார். யாரோ சிரித்தார்கள். நான் மச்சினன் முகத்தை மட்டும் பார்த்தேன். அவன் அந்த நீலப் பொட்டுகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடினான்.

"விட்டுட்டேன் மாமா" என்றான்.

"கேட்டீங்களா?"

டீச்சர் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சைத் தாளில் பிள்ளை எழுதாமல் விட்ட இடத்தைப் பார்க்கிற மாதிரி. ஷெட்காரர்தான், "களிம்பே முடிச்சுக் குடுக்கட்டும் டீச்சர்" என்றார். மச்சினன் பையிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"வீட்டுக்கு நானே கொண்டுவந்து விடுறேன் டீச்சர். நீங்க முன்னால போங்க" என்றேன்.

அவர் போனதும், மச்சினன் அருகில் வந்து, "மாமா, அந்த ரெண்டுல மட்டும்..." என்று ஆரம்பித்தான்.

"போடா, போய் கைய கழுவு. அழுக்காயிடப் போகுது" என்றேன். முகம் சுருங்கிப் பின்பக்கம் குழாயடிக்குப் போனான்.

என் பழைய கன்னை எடுத்தேன். அந்த இரண்டு நிப்பிளிலும் பன்னிரண்டு பன்னிரண்டு அடித்தேன். கோலிக்குண்டு பிதுங்கி வந்தது. அதற்கு மேலும் இரண்டு. அழகாக இருந்தது. துடைக்கவில்லை. டீச்சர் பார்க்கட்டும் என்று அப்படியே விட்டேன். வண்டியைக் கிளப்பினேன்.

ஊர்த் தெருவில் ராஜா மாதிரி போனேன். மேடு பள்ளம் இல்லாத தெரு, பிரேக்குக்கு வேலை இல்லை. கால்வாய்ப் பாலம் ஏறும்போது பின்னாலிருந்து சத்தம்.

"மாமா! மாமோய்! நிறுத்துங்க!"

திரும்பினேன். சலவை சைக்கிளில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு வருகிறான். தெருநாய் ஒன்று அவனைத் துரத்துகிறது. அப்படியும் நிற்காமல் வருகிறான். கெஞ்சத்தான் வருகிறான் என்று நினைத்தேன். டீச்சரிடம் தனக்கு இன்னொரு வாய்ப்புக் கேட்டுச் சொல்லச் சொல்வான். எனக்கு அது இனிப்பாக இருந்தது. ஆக்சிலேட்டரை இழுத்துவிட்டேன்.

பாலம் தாண்டினால் டீச்சர் வீட்டு வாசல் வரைக்கும் ஒரே இறக்கம். பாதி இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் இறங்கியது. வண்டி நிற்கவில்லை. பதற்றத்தில் கிளட்சையும் மிதித்துவிட்டேன். என்ஜின் பிடியும் போய் வண்டி தன் போக்கில் உருளத் தொடங்கியது. இருபத்து மூன்று வருஷ மெக்கானிக் செய்கிற காரியமா அது? டீச்சர் வீட்டுச் சுவர் என்னை நோக்கி வந்தது. ஜன்னலில் ஒரு பூந்தொட்டி இருந்தது. அது மட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

கை தானாகப் பின் கலப்பை நெம்புகோலைத் தள்ளியது. ஐந்து கொத்தும் மண்ணில் இறங்கின. டீச்சர் பெருக்கி வைத்திருந்த வாசலை நீளத்துக்கு ஐந்து சாலாக உழுதுகொண்டே போய், சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

சைக்கிள் வந்து விழுந்தது. அவன் ஓடிவந்து என் தோளைப் பிடித்து, "அடி ஏதாவது பட்டுச்சா மாமா?" என்றான். மூச்சு வாங்கியது. நாய் வாசல் கேட்டருகே நின்று குரைத்தது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பிரேக் புடிக்கல" என்றேன்.

"புடிக்காது மாமா."

டீச்சர் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வருவதற்குள் நான் ஸ்பேனரை எடுத்துவிட்டேன். வலது பக்க பிரேக் டிரம்மைத் திறந்தேன். உள்ளே, டிரம்மை உரசிப் பிடித்து நிறுத்துகிற லைனிங் முழுக்கக் கிரீஸ். புதுக் கிரீஸ், சற்று முன் நான் அடித்தது. நிறத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தண்டு வழியாக டிரம்முக்குள் போய்ப் பூசிக்கொண்டிருந்தது. விரலால் வழித்தேன். அடியில் லைனிங் பளிச்சென்று இருந்தது. குறுக்கும் நெடுக்குமாக உப்புத்தாள் போட்ட கீறல். யாரோ அதைப் பெட்ரோலில் கழுவி, தேய்த்து, துடைத்து, மூடியிருக்கிறார்கள். அதுவும் இப்போதுதான்.

"எப்ப இதைத் திறந்த?"

"நேத்து சாயங்காலம். பிரேக் சரியா நிக்கலைன்னு டீச்சர் சொன்னாங்க. திறந்தா ரெண்டு பக்கமும் பழைய கிரீஸ், கையளவு. தண்டுக்குள்ள கழுத்து வரைக்கும் அடைஞ்சு கிடந்துச்சு. அதான் அந்த ரெண்டுல அடிக்கல. இன்னும் ரெண்டு சீசனுக்கு அதுக்கு வேண்டாம்."

பழைய கிரீஸ். பத்தொன்பது வருஷமாக அந்த வண்டியில் கன்னை வைத்தவன் ஒருவன்தான்.

"காலைல எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கலாம்ல?"

அவன் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினான். "சொல்லியிருந்தா வீட்டுக்குப் போய் அக்காகிட்ட எரிஞ்சு விழுவீங்க. ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டு பறக்கும். அவ எனக்குப் போன் பண்ணி அழுவா. எனக்கு எதுக்கு மாமா அது?"

பெருந்தன்மை என்று சொல்லியிருந்தால் ஓர் அறை விட்டிருப்பேன். அவன் சொன்னது பச்சை உண்மை. அதற்கு என்ன செய்ய முடியும்?

டீச்சர் வந்தார். உழுத வாசலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், திறந்து கிடந்த டிரம்மைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

மச்சினன் முந்திக்கொண்டான். "லைனிங் பழசு டீச்சர். திடீர்னு வழுக்கிடுச்சு. யார் மேலயும்..."

அந்த இடத்தில்தான் எனக்குத் தாங்கவில்லை. காலையில் என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். இப்போது மறுபடியும். கை சுத்தம், சட்டை சுத்தம், வேலை சுத்தம், இப்போது மனசும் சுத்தம் என்று பெயர் வாங்குவான். அதையும் இவனுக்கே விட்டுக்கொடுக்க நான் என்ன இளிச்சவாயனா? உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற யோக்கியத்தனத்தில் நான் சொல்லவில்லை. அவனுக்கு அது கிடைக்கக் கூடாது என்றுதான் சொன்னேன்.

"பொய் சொல்றான் டீச்சர். லைனிங் நல்லாத்தான் இருக்கு. நேத்துதான் இவன் அதைக் கழுவி வெச்சிருக்கான். காலைல அவன் அந்த ரெண்ட விடல, வேணும்னேதான் அடிக்காம வெச்சான். நான்தான் கொண்டுபோய் அடிச்சுக் கெடுத்தேன். இதுக்கு முன்னால பத்தொன்பது வருஷமாவும் நான்தான். வெளிய தெரியணும்னு அடிச்சேன். எல்லாம் உள்ள போயிருக்கு."

டீச்சர் கீழே குனிந்து அந்த லைனிங்கைத் தொட்டுப் பார்த்தார். விரல் நுனியில் ஒட்டியதைப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் இந்த இறக்கத்துல நான் ரெண்டாவது கியர்லயே வருவேன்" என்றார். "வண்டிக்கு வயசாச்சு, அதான் நிக்க மாட்டேங்குதுன்னு நினைச்சேன். உங்கள ஒரு நாளும் சந்தேகப்படல."

"தெரியும் டீச்சர்."

"சொன்னீங்களே, அது நல்லது. சாவிய அவர்கிட்ட குடுத்துடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையை இடம் மாறி உட்காரச் சொல்கிற குரல். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். கத்துவதற்கும் வழியில்லாமல் போனது. சாவியை எடுத்துக் கொடுத்தேன். என் கையிலிருந்த கிரீஸ் அதில் ஒட்டியிருந்தது. அவன் துணியால் துடைத்தபின் பையில் போட்டுக்கொண்டான். என் முன்னாலேயே துடைத்தான். வேண்டுமென்று செய்திருக்க மாட்டான். பழக்கம்.

டீச்சர் மோட்டார் பம்புக்கு வைத்திருந்த பெட்ரோலும் உப்புத்தாளும் கொடுத்தார். இரண்டு பக்கமும் நான் திறந்தேன், அவன் கழுவினான். தண்டிலிருந்து பழைய கிரீஸை ஒரு குச்சியால் நோண்டி எடுத்தேன். வந்துகொண்டே இருந்தது. கருத்து, இறுகி, மண் கலந்து. ஒரு தகர டப்பா நிறைந்தது. எல்லாம் என் கைவேலை. அவன் டப்பாவை ஓரமாக நகர்த்திவிட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். வெகு நேரம் கழித்து, "மாமா, வண்டி ஓடுறப்ப இந்த என்ஜின்ல ஏதோ டிக் டிக்னு கேக்குது, என்னன்னு எனக்குப் புரியல" என்றான்.

"வால்வு. ரெண்டாவது சிலிண்டர். உனக்கு எப்படிப் புரியும்?"

"நீங்க பாத்துக் குடுங்க."

"உன் வண்டியாச்சே இப்ப. நான் ஏன் பாக்கணும்?" என்றேன். ஆனாலும் அடுத்த வாரம் பார்த்துக் கொடுத்தேன். சாவியை அவனிடம் கேட்டு வாங்கி, வேலை முடித்து, அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். அது எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன்.

அன்றைக்கு டிரம்மை மூடியதும், அவன் வண்டியைப் பாலம் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனான், சோதித்துப் பார்க்க. நான் மண்வெட்டியை வாங்கி வாசலில் சால்களை மூடிக்கொண்டிருந்தேன். டீச்சர் சுவரோரமாக நின்றார். மேலே வண்டி திரும்பியது. இறக்கத்தில் நான்காவது கியரில் வந்தான், வேண்டுமென்றே வேகமாக. பாதியில் பிரேக்கை மிதித்தான்.

பிடிக்காமல் போகட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். என் பெண்டாட்டியின் தம்பி, இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன், எனக்காக நாயைக்கூடப் பார்க்காமல் ஓடிவந்தவன். அப்படியும் நினைத்தேன்.

பிடித்தது. நான்கு சக்கரமும் அப்படியே நின்றன. டீச்சர் கை தட்டினார். நான் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.